கரையிருப்பு கிருஷ்ண பிள்ளை



மலருக்குக் கட்டுரை வேணும்னு சங்கச் செயலாளர் கேட்டார். நம்ம கேன்டீன் டீயைப் பத்தியும், கட் அடிச்சிட்டு அகஸ்தியா தியேட்டருக்குப் போனதைப் பத்தியும் எழுதுறதுக்கு நிறையப் பேர் இருக்காங்க. தமிழ் இலக்கியம் படிச்சிட்டு, துறைமுகத்தில் டேலி கிளார்க்காகக் காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். படித்த காலத்தில் இருந்து இன்றுவரை மனசை விட்டுப் போகாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. கிறிஸ்தவக் கம்பர் என்று அழைக்கப்படுபவர் யார் என்று ஒரு மார்க் கேள்வி வரும். அவர் பெயரை எழுதி மார்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருந்த மனிதரை நாம் கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம மலரை எல்லா மதத்தாரும் படிப்பாங்க. இது பிரசாரம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், இந்தக் கட்டுரை உறைக்க வேண்டியது என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆட்களுக்குத்தான்.

கிருஷ்ண பிள்ளை 1827 ஏப்ரல் 23-ஆம் தேதி திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பு கிராமத்தில் பிறந்தார். தந்தை சங்கர நாராயண பிள்ளை, தாய் தெய்வநாயகி அம்மாள். வைணவ வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் ஊறினவர். பிள்ளைக்கு அரிச்சுவடி பழகும் முன்பே கம்பனின் ஓசை காதில் ஏறியிருக்கும். பிற்காலத்தில் அவர் எழுதிய விருத்தங்களைப் படிக்கும்போது அந்த ஓசைதான் கேட்கிறது. பொருள் பெத்லகேம், எருசலேம் என்று போகும். நடை மட்டும் அயோத்தியிலேயே இருக்கும். இதை ரசிக்கிறவர்களும் உண்டு, குறை சொல்கிறவர்களும் உண்டு. நான் ரசிக்கிற கட்சி.

1853-ல் சாயர்புரம் குருமடத்துக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டார். ஜி.யு. போப் ஐயர் தொடங்கிய இடம் அது. வந்தவர்களைச் சோதித்து இவரைத் தேர்ந்தெடுத்தவர் கால்டுவெல். ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். கிருஷ்ண பிள்ளைக்கு அப்போது வயது 26. நெற்றியில் நாமத்தோடு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார். வேலைக்குப் போனாரே தவிர, மதம் மாறப் போகவில்லை. தம் குலம், தம் சமயம், தம் தமிழ் என்ற மூன்றிலும் குறை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஊரில் மரியாதை இருந்தது. ஆசாரம் தவறாத வாழ்க்கை. அப்படிப்பட்ட ஒருவனிடம் போய் நீ பாவி என்று யாராவது சொன்னால், பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டியதைத் தப்பாக நம்மிடம் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்கணும். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் அப்போதே புதிது அல்ல. முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் 1799-லேயே உருவாகிவிட்டது. ஊர் ஊராகச் சபைக்குள் வந்த காலம் அது. ஆக, 1853-ல் அவர் முன்னால் உட்கார்ந்த மாணவர்களில் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற வீட்டுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். சபைப் பதிவேட்டில் பிறப்பதற்கு முன்பே இடம் பிடித்தவர்கள். வெளியே நிற்கும் வாத்தியார், உள்ளே பிறந்த பிள்ளைகள். இந்த இரண்டு பேரில் தன்னைத்தானே அதிகம் சோதித்துப் பார்த்தது வெளியே நின்றவர்தான். இதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை.

அவர் மாறியது ஒரே நாளில் அல்ல. நண்பர் தனுக்கோடி ராஜுவும், தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்பே கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். (இந்த முத்தையா பிள்ளை பின்னாளில் பவர் ஐயரின் தமிழ் வேதாகமத் திருத்த வேலையில் முன்ஷியாக உழைத்தவர்.) நெருங்கியவர்கள் இருவரும் போய்விட்டதால், வாதம் செய்ய வேண்டிய இடத்தில் யோசிக்க வேண்டியதாயிற்று. செய்த பாவத்தைச் செய்யும் புண்ணியத்தால் கழிக்க முடியுமா, கழித்ததற்கு ரசீது எங்கே என்ற கேள்வி அவரைத் துளைத்தது. ரசீது என்பது என் சொல், டேலி கிளார்க் புத்தி. அவர் தம் மனமாற்றத்தின் கதையைத் தாமே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தால் தெரியும், மற்ற சமயத்தைப் பழிப்பதைவிடத் தன் மனசைத் தோண்டுவதில்தான் அவருக்கு அக்கறை.

பிறகு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பணி. பெர்சிவல் ஐயர் நடத்திய தினவர்த்தமானி பத்திரிகையிலும் உதவி. அந்தக் காலத்துச் சென்னையை நம்ம பக்கத்து ஆட்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். அலையைத் தாண்டி மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரணும். நம்ம ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் 1856-ல் புத்தம் புதுசாகத் திறந்து, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. படகுக்காரர்கள் தங்கள் உழைப்பில் கட்டிக்கொண்ட ராயபுரம் பேதுருவானவர் கோயில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. திருநெல்வேலிக்கு ரயில் வராத காலம். அவ்வளவு தூரம் தாண்டி வந்த அந்தத் தமிழ்ப் பண்டிதர், 1858 ஏப்ரலில் மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் சேர்ந்தது. எச்.ஏ. என்பது அதுதான். வயது முப்பது முடிந்து 31 நெருங்கிக்கொண்டிருந்தது.

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் இங்கேயே உச்சத்தைத் தொட்டுவிடும். மனம் திரும்பினார், சுபம். மீதி எல்லாம் பட்டியல்: சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று ஆசிரியப் பணி, கடைசியில் காப்பியம். ஆனால் எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்குது. காரணம் சொல்கிறேன்.

உயர்குடியில் பிறந்த, ஊரறிந்த தமிழ்ப் புலவர் ஒருவர் கிறிஸ்தவரானது அந்தக் காலச் சபைக்கு எவ்வளவு பெரிய பெருமை! அவரை முன்னால் நிறுத்திக் காட்டலாம். அவரும் அந்தப் பெருமையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். இழக்க வேண்டியதை இழந்தாச்சு, பெற வேண்டியதைப் பெற்றாச்சு, இனி என்ன? அப்படி ஆனவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம். ஆனால் இவர் ஐம்பது வயதைத் தொட்டபோது கையில் எடுத்தது, ஒருவன் இரட்சிப்பைப் பெற்ற பிறகும் வழியெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று சொல்கிற ஒரு கதையை. ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம்.

பனியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1628-ல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு அருகே எல்ஸ்டோ என்ற ஊரில் பிறந்தவர். பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிற தொழில். நம்ம தெருவில் ஈயம் பூசலையோன்னு கத்திக்கொண்டு வருவாரே, ஏறக்குறைய அந்த மாதிரி. வாலிபத்தில் வாய் நிறையக் கெட்ட வார்த்தை. கல்யாணத்துக்குப் பிறகு திருந்தினார். கோயிலுக்குத் தவறாமல் போனார், ஆட்டத்தை விட்டார், சத்தியம் பண்ணுவதை விட்டார். அக்கம் பக்கத்தார் மெச்சினார்கள். இங்கிலாந்திலேயே நம்மைப் போலக் கடவுளுக்குப் பிரியமானவன் இல்லை என்று அவருக்கும் ஒரு திருப்தி வந்துவிட்டது.

கோயில் மணி அடிப்பதில் அவருக்கு ஆசை. அது வீண் பொழுதுபோக்கு என்று மனசு உறுத்தவே விட்டுவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதைப் போய்ப் பார்ப்பார். ஒருநாள் மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயம் பிடித்தது. உத்தரத்துக்குக் கீழே போய் நின்றார். மணி சுவரில் பட்டுத் திரும்பி மேலே விழுந்தால்? வாசலுக்கு வந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடியே போய்விட்டார். தன் இரட்சிப்பு நிச்சயம் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு மணிக்குக் கீழே நிற்கத் துணியவில்லை. இதை அவரே 1666-ல் எழுதிய தன் கதையில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் பெட்ஃபோர்டில் தொழில் நிமித்தம் போகும்போது, மூன்று நாலு ஏழைப் பெண்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். கடவுள் தங்கள் உள்ளத்தில் செய்ததைப் பற்றிய பேச்சு. மதப் பேச்சில் தானும் கெட்டிக்காரன்தானே என்று பக்கத்தில் போய் நின்றார். அவர்கள் பேசினது ஒன்றும் இவருக்குப் பிடிபடவில்லை. தங்கள் நல்ல செயல்களை அவர்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. தன்னிடம் இருப்பது வெளிப்பூச்சு என்று அங்கே நின்றபடி பனியனுக்கு உறைத்தது. அதன் பின் சில வருஷம் உள்ளே ஒரே போராட்டம். நாம் கைவிடப்பட்டவனோ என்ற பயம் அவரைப் பைத்தியத்தின் விளிம்புவரை தள்ளியது. சோதனையும் அளவு மீறினால் நோய்தான் என்பதையும் அவர் வாழ்க்கையிலேயே பார்க்கலாம்.

அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-ல் சிறை. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. 12 வருஷம் உள்ளே இருந்தார். வீட்டில் நாலு பிள்ளைகள், அதில் ஒரு பெண்ணுக்குப் பார்வை இல்லை. சிறையில் காலணிக் கயிறு முனைந்து விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். மோட்சப் பிரயாணம் 1678-ல் வெளிவந்தது. 1688-ல் இறந்தார்.

இந்தக் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை எடுத்தார். மொழிபெயர்க்கவில்லை. கம்பன் வான்மீகத்தை எடுத்த மாதிரி எடுத்தார். நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டு தொடராக வந்து, 1894 மே மாதம் நூலானது இரட்சணிய யாத்திரிகம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று ஐந்து பருவம். 3766 பாடல். பனியன் கதையில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடினார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் படித்தது அந்தப் பகுதிதான். இடையிடையே தேவாரம் என்றே பெயர் வைத்து இசைப்பாடல்களும் சேர்த்தார். நாச தேசத்தை விட்டுக் கிளம்பும் பயணிக்கு அவர் கொடுத்த பெயர் ஆன்மவிசாரி. பனியன் வைத்த பெயர் வெறுமனே கிறிஸ்தவன் என்று பொருள்படும். தமிழ்ப் பண்டிதரோ தன் ஆன்மாவைத் தானே விசாரிக்கிறவன் என்று மாற்றிவிட்டார். எனக்கு இந்த ஒரு சொல் மாற்றம் 3766 பாடலுக்குச் சமம்.

பனியன் கதையில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. முதல் இடம் மலைமேல் இருக்கும் ஒரு நிழற்பந்தல். சிலுவையடியில் முதுகுச் சுமை விழுந்து, முத்திரை போட்ட சுருளும் கையில் வாங்கியாயிற்று. களைப்புத் தீரக் கொஞ்சம் உட்கார்ந்தான், சுருளைப் படித்துச் சந்தோஷப்பட்டான், அப்படியே தூங்கிவிட்டான். கையிலிருந்த சுருள் நழுவி விழுந்தது. எழுந்து வெகுதூரம் போன பிறகுதான் மடியைத் தடவிப் பார்க்கிறான். காணோம். நடந்த வழியே அழுதுகொண்டு திரும்பி வந்து, உட்கார்ந்த இடத்தில் தேடி எடுக்கிறான். கவனியுங்கள், தூங்கினவன் கெட்டவன் இல்லை. கதாநாயகனே அவன்தான். அவன் தூங்கினது பாவச் சேற்றிலும் இல்லை, இளைப்பாறக் கட்டிக்கொடுத்த பந்தலில்.

இன்னொரு இடம் கதையின் கடைசி. அறியாமை என்ற பெயருள்ள ஒரு வாலிபன். வழி நெடுக நல்ல பேச்சு, நல்ல நம்பிக்கை. ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், யார் கடனையும் வைப்பதில்லை, எனக்கென்ன குறை என்பான். மற்றவர்கள் மரண ஆற்றில் தத்தளித்துக் கரை சேர, இவனை வீண் நம்பிக்கை என்ற படகோட்டி சுகமாக அக்கரை சேர்த்துவிடுகிறான். நேரே பட்டணத்து வாசலுக்குப் போய்த் தட்டுகிறான். சுருள் எங்கே என்று கேட்கிறார்கள். மடியில் துழாவுகிறான். இல்லை. வாயடைத்துப் போகிறான். மோட்சத்தின் வாசலிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி உண்டு என்று அங்கே தெரிந்துகொண்டதாகச் சொல்லிப் பனியன் கனவை முடிக்கிறார்.

நம்ம ஏரியாக்காரங்களுக்கு இது உடனே புரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை நிற்கும். ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து ஜீரோ கேட்டை நெருங்கும்போது பேப்பர் சரியில்லை என்று வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். வண்டி புதுசு, சரக்கு நல்ல சரக்கு, டிரைவர் இருபது வருஷ சர்வீஸ். கேட்டில் அதையெல்லாம் யார் கேட்பது? பின்னால் வந்தவன் ஓட்டை வண்டியோடு உள்ளே போவான்.

எங்கள் சபையிலேயே பார்க்கிறேன். தாத்தா பெயர் சுவரில் கல்வெட்டாக இருக்கு, அப்பா கமிட்டியில் இருந்தார், நமக்கு மூன்றாவது வரிசை பெஞ்சு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஆசீர்வாதம் எழுதின அட்டைதான் எல்லார் கைக்கும் வரும். எச்சரிப்பு எழுதின அட்டையை இதுவரை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. அச்சடிப்பதே இல்லை போலிருக்கு. திருவிருந்துக்கு முன்னால் அவனவன் தன்னைச் சோதித்தறியட்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதை மாசா மாசம் ஐயர் வாசிக்கிறார். அந்த நேரத்தில் நாம் சோதிப்பது யார் யார் இன்றைக்கு வரவில்லை என்பதை.

நம்ம செட் நண்பர் ஒருவர். சபையில் இருபது வருஷம் பொறுப்பில் இருந்தவர். சில வருஷம் முன்னால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போனேன். பிழைக்க மாட்டோம்னு அவருக்குத் தெரிந்திருந்தது. கையைப் பிடிச்சிக்கிட்டு, எல்லாருக்கும் ஜெபம் பண்ணினேன்டா, எனக்கு உள்ள நிச்சயமா ஒண்ணும் தெரியலையேடான்னார். வழக்கமா சொல்ற ஆறுதல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லல. அந்தச் சுருள் கதையைச் சொன்னேன். தொலைச்சவன் திரும்பிப் போய்த் தேடினான், கிடைச்சது, அதுவரைக்கும் வழி அடைபடலன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அந்தப் பந்தல் வரைக்கும் நானும் வந்தவன்தான்டான்னார். அடுத்த வாரம் போனார். அவர் தேடிக் கண்டுபிடிச்சாரா என்று எனக்குத் தெரியாது. தேடினார் என்று மட்டும் தெரியும்.

கிருஷ்ண பிள்ளைக்கு வருகிறேன். காப்பியம் வெளிவந்தபோது அவருக்கு வயது 67. ஓய்ந்துவிடவில்லை. இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம் என்று கடைசி ஆண்டுகளிலும் நூல்கள் வந்தன. 1900 பிப்ரவரி 3-ல் காலமானார். நம்ம மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வுக்கு வரும் பகுதியோடு நிறுத்தாமல், நூலில் அந்தத் தேவாரப் பாடல்களை எடுத்துப் பாருங்கள். மதம் எதுவானாலும் சரி, தமிழுக்காகப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்று இருபது முப்பது வருஷம் கழித்து, ஊரும் சபையும் புகழ்ந்துகொண்டிருந்த நாளில் எழுதியவை. வாசலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் கூப்பிடுகிறவர் குரல் அதில் இல்லை. நாயினேன், கடையேன் என்று வெளியே நின்று இரக்கம் கேட்கிறவர் குரலாகத்தான் இருக்கு.